உச்சிக்குழி என்னும் சின்ன ஜன்னல்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



வழக்கமாக இந்த நேரத்தில் நாங்கள் எழுந்து நின்றால் வங்கிக் கடன், தவணை பாக்கி, தணிக்கை என்றுதான் பேச்சு போகும். "இன்னைக்கும் தவணை பத்தித்தானா?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா முணுமுணுப்பது காதில் விழுகிறது. இல்லை அக்கா, இன்றைக்கு அது இல்லை. இன்று குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் மூளையைப் பற்றிப் பேசப்போகிறோம். பெரிய படிப்பு படித்தவர்கள் பேச வேண்டிய விஷயம் என்று நினைக்காதீர்கள். இது நம் வீட்டு விஷயம்.

முதலில் ஒரு கேள்வி. பிறந்த குழந்தையின் தலை உச்சியில் கை வைத்தால் மெத்தென்று இருக்கும், துடிக்கும். அதற்கு என்ன பெயர்? எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், உச்சிக்குழி. நம் பாட்டிமார் எண்ணெய் வைப்பதும், "பாத்துடி, அடிபட்டுடப் போகுது" என்று சொல்வதும் அந்த இடத்தைத்தான். அங்கே மண்டை ஓட்டு எலும்புகள் இன்னும் ஒன்று சேரவில்லை. பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் அது மூடிக்கொள்ளும். அதுவரைக்கும் அது மூளையை எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஜன்னலைப் பற்றியதுதான்.

நாங்கள் செய்த தவறு

இதை ஏன் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் கள வட்டாரத்தில் ஒரு குழு உறுப்பினர். பெயர் வேண்டாம், அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். 2022-ஆம் ஆண்டு ஐப்பசியில் அவருக்கு ரத்த அழுத்தம் கூடி, 30-ஆவது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை 1250 கிராம். ஆறு வாரம் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்து, எடை ஏறிய பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாங்கள் வீடு தேடிப் போனோம். குழந்தை பால் குடித்தது, கொட்டாவி விட்டது. எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. அந்தச் சகோதரி ஒரு சீட்டை எடுத்து வந்து, "இதுல என்னமோ தலை ஸ்கேன் மறுபடி எடுக்கணும்னு எழுதியிருக்கு, ஆஸ்பத்திரியில யாரும் விளக்கமா சொல்லல, போகணுமாங்க?" என்று கேட்டார். பேருந்துச் செலவு, ஒருநாள் கூலி, மாமியாருக்கு முடியாத நிலை, எல்லாம் எங்களுக்குத் தெரியும். "எடைதான் நல்லா ஏறுதே, பாத்துக்கலாம்" என்று சொன்னோம். அந்த மாத அறிக்கையில் "தாயும் சேயும் நலம்" என்று எழுதி அனுப்பினோம்.

அடுத்த ஆடியில் அவருடைய மாமியார்தான் முதலில் கண்டுபிடித்தார். "புள்ள எதை எடுத்தாலும் இடது கையிலதான் எடுக்குது, வலது கை எப்பவும் மூடியே இருக்கு" என்றார். பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில், பிறந்த சில நாட்களிலேயே ஏற்பட்ட ரத்தக் கசிவின் தழும்பு தெரிந்தது. வலது கை, வலது கால் பலவீனம் அதனால்தான். "மூணு மாசத்துல வந்திருந்தா அப்பவே பயிற்சி ஆரம்பிச்சிருக்கலாமே" என்று மருத்துவர் சொன்னபோது அந்தத் தாய் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சமூகப்பணி படித்தவர்கள் நாங்கள். படித்த எங்களுக்கே அந்தச் சீட்டின் அர்த்தம் தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தோம், மருத்துவர்களிடம் கேட்டோம். தெரிந்துகொண்டதை உங்களிடம் வைக்கிறோம்.

குறைமாதம் என்றால் எவ்வளவு?

கர்ப்பக் கணக்கு 40 வாரம். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. 32 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 1500 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ கூடுதல் கவனம் வேண்டும். 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் நம் நாட்டில். எந்த நாட்டையும்விட இங்கேதான் அதிகம்.

நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. "ஏழு மாசத்துப் புள்ள பொழைக்கும், எட்டு மாசத்துப் புள்ள பொழைக்காது" என்பார்கள். இது சரியல்ல சகோதரிகளே. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். எட்டு மாதக் குழந்தையின் நுரையீரலும் மூளையும் ஏழு மாதக் குழந்தையைவிட முதிர்ந்தவை. இந்தப் பேச்சை நம்பி எட்டு மாதக் குழந்தையைக் கைவிடுவதும், ஏழு மாதக் குழந்தையை "இது தானா தேறிடும்" என்று விட்டுவிடுவதும் இரண்டுமே தப்பு.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் நடுவில் நீர் நிறைந்த சிறு அறைகள் இருக்கின்றன. அந்த அறைகளை ஒட்டி, மூளை செல்கள் உற்பத்தியாகும் ஒரு நாற்றங்கால் இருக்கிறது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும் அல்லவா? அதுபோல அங்கே ரத்தக் குழாய்கள் அதிகம். ஆனால் அவை மிக மெல்லியவை, தற்காலிகமானவை. ஏறக்குறைய 34 வாரம் ஆகும்போது நாற்றங்கால் வேலை முடிந்து சுருங்கிவிடும். அதற்கு முன்பே குழந்தை வெளியே வந்தால், மூச்சுத் திணறலாலும் ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதாலும் அந்த மெல்லிய குழாய்கள் வெடித்துக் கசியும். புதுமண் போட்ட வாய்க்கால் கரை திடீர் வெள்ளத்தில் உடைவது போல. பெரும்பாலான கசிவுகள் பிறந்த முதல் மூன்று, நான்கு நாட்களுக்குள் நடந்துவிடுகின்றன.

இன்னொரு வகைப் பாதிப்பும் உண்டு. மூளையிலிருந்து கை கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு இழைகள் மோட்டார் வயர் மாதிரி. அந்த வயருக்கு மேலுறை போட வேண்டிய செல்கள் குறைமாதத்தில் இன்னும் பிஞ்சாக இருக்கும். ஆக்சிஜன் குறைந்தாலோ, கிருமித் தொற்று வந்தாலோ முதலில் அடிபடுவது அவைதான். இந்தப் பாதிப்பு முதல் நாளில் ஸ்கேனில் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் சிறு சிறு குழிகளாகத் தெரியும். அதனால்தான் "மறுபடி ஸ்கேன்" என்று சீட்டில் எழுதுகிறார்கள். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது.

இதில் கவனிக்க வேண்டியது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதே. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டாக்டர் லூ ஆன் பபில் தலைமையிலான குழு, 1500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த 46 குழந்தைகளுக்கு வரிசையாகத் தலை ஸ்கேன் எடுத்து, 1978-இல் முடிவை வெளியிட்டது. 20 குழந்தைகளுக்குக் கசிவு இருந்தது. யாரும் சந்தேகப்படாத குழந்தைகளுக்கும் இருந்தது. கசிவை நான்கு நிலைகளாக அவர்கள் அப்போது பிரித்த முறைதான் இன்றும் மருத்துவர்கள் சொல்லும் "கிரேடு 1, 2, 3, 4" என்பதற்கு அடிப்படை. கிரேடு 1, 2 என்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. 3, 4 என்றால் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். இப்போது பராமரிப்பு முன்னேறியிருப்பதால் கசிவு வரும் குழந்தைகள் அன்றைவிடக் குறைவு.

என்னென்ன ஸ்கேன்?

ஒன்று, உச்சிக்குழி ஸ்கேன். நாம் கர்ப்பமாக இருக்கும்போது வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே அல்ட்ரா சவுண்ட்தான். உச்சிக்குழியில் ஜெல் தடவி, சின்னக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. குழந்தையைப் படுக்கையை விட்டு எடுக்கக்கூட வேண்டாம். 30 வாரம் அல்லது அதற்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு முதல் 7 முதல் 10 நாட்களுக்குள் ஒருமுறை, 4 முதல் 6 வாரத்தில் ஒருமுறை, பிறந்திருக்க வேண்டிய தேதியை ஒட்டி அல்லது வீட்டுக்கு அனுப்பும் முன் ஒருமுறை எடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2020-இல் வழிகாட்டியது. நம் மருத்துவர் சொல்லும் கணக்கு சற்று மாறலாம். அவர் எழுதிக் கொடுக்கும் தேதிதான் நமக்குக் கணக்கு.

இரண்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இது பெரிய காந்தம். நம் உடம்பில் இருக்கும் தண்ணீரை வைத்தே படம் எடுக்கிறது. இதிலும் கதிர்வீச்சு இல்லை. சத்தம் மட்டும் அதிகம். அதற்குக் குழந்தையின் காதை மூடிவிடுவார்கள். உச்சிக்குழி ஸ்கேனில் தெரியாத நுணுக்கமான பாதிப்பும் இதில் தெரியும். பச்சிளம் குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்தே வேண்டாம். வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றினால் தூங்கிவிடும். தூக்கத்திலேயே எடுத்துவிடுவார்கள். பத்து மாதக் குழந்தை அப்படிப் படுக்காது, மருந்து கொடுத்துத்தான் தூங்க வைக்க வேண்டும். எங்கள் சகோதரியின் குழந்தைக்கு அப்படித்தான் செய்தார்கள். சீக்கிரம் பார்ப்பதில் இப்படியும் ஒரு நன்மை உண்டு.

எம்.ஆர்.ஐ.யிலேயே இன்னும் நுட்பமான ஒரு முறை இருக்கிறது. மூளைக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பது. வயலில் பாத்தி கட்டியிருந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியே நேராக ஓடும். கரை உடைந்திருந்தால் நாலா பக்கமும் பரவி நிற்கும். நரம்பு இழைகளும் அப்படித்தான். இழை நன்றாக இருந்தால் தண்ணீர் அதன் வழியே நகரும், சிதைந்திருந்தால் பரவும். இதை வைத்து எந்தப் பாதை நன்றாக இருக்கிறது, எது அடிபட்டிருக்கிறது என்று வரைபடமே போட்டுவிடுகிறார்கள். லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. வைத்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளின் மூளை வளர்ச்சியை இப்படிப் படம் பிடித்திருக்கிறார்கள். குழந்தை அசைந்தாலும் படம் கலையாமல் சரிசெய்யும் கணினி முறைகளையும் உருவாக்கியிருக்கிறார்கள்.

நெதர்லாந்தைச் சேர்ந்த டாக்டர் லிண்டா டி விரீஸ் குழு 1999-இல் சொன்னது எங்களை மிகவும் பாதித்தது. கை கால்களுக்குக் கட்டளை போகும் பாதையில் 40 வாரக் கணக்கு வரும்போது மேலுறை உருவாகியிருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் அது இரண்டு பக்கமும் சமமாகத் தெரிய வேண்டும். பெரிய கசிவு வந்த குழந்தைக்கு ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் தெரியாவிட்டால், எதிர்ப்பக்கக் கை காலில் பலவீனம் வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அதாவது நம் சகோதரியின் மாமியார் ஆடியில் கண்டதை, தையிலேயே கண்டிருக்க வாய்ப்பு இருந்தது.

2006-இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மருத்துவமனைகளில், 30 வாரம் அல்லது அதற்கு முன் பிறந்த 167 குழந்தைகளைப் பிறந்திருக்க வேண்டிய தேதியில் எம்.ஆர்.ஐ. எடுத்து, இரண்டு வயது வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளிவந்தது. நரம்பு இழைப் பகுதியில் பாதிப்பு அதிகமாகத் தெரிந்த குழந்தைகளுக்கு நடப்பதிலும் புரிந்துகொள்வதிலும் பின்தங்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது.

ஸ்கேன் ஜோசியம் அல்ல

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்கேனில் பாதிப்பு தெரிந்தும் நன்றாக ஓடியாடும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஸ்கேன் நன்றாக இருந்தும் பிறகு சிரமப்படும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அதை ஜாதகம் மாதிரி வைத்துக்கொண்டு "இந்தப் புள்ள இவ்ளோதான்" என்று யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. இங்கிலாந்தில் 33 வாரத்துக்கு முன் பிறந்த 511 குழந்தைகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், எம்.ஆர்.ஐ. உச்சிக்குழி ஸ்கேனைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக முன்கூட்டிச் சொன்னது. அதனால் எம்.ஆர்.ஐ. வசதி பக்கத்தில் இல்லையே என்று கலங்க வேண்டாம். கடன் வாங்கித் தனியாரிடம் ஓடவும் வேண்டாம். உச்சிக்குழி ஸ்கேனைத் தவறாமல் எடுங்கள். எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுக்க முடியுமா என்று அவரிடமே எழுதி வாங்குங்கள்.

காசில்லாமல் செய்யும் இன்னொரு பரிசோதனையும் இருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்த டாக்டர் ஹைன்ஸ் பிரெக்டில் கண்டுபிடித்தது. மூன்று முதல் ஐந்து மாதத்தில் நல்ல குழந்தை விழித்துப் படுத்திருக்கும்போது கழுத்து, கை, கால் எல்லாம் சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டே இருக்கும். அந்த நெளிவு இல்லாவிட்டால் எச்சரிக்கை. பயிற்சி பெற்றவர்கள் சில நிமிட வீடியோவைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். 2017-இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு உலக ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தது. எம்.ஆர்.ஐ., இந்த அசைவுப் பரிசோதனை, நரம்பு மருத்துவப் பரிசோதனை மூன்றையும் கொண்டு ஐந்து மாதத்துக்கு முன்பே மூளை வாத ஆபத்தைப் பெருமளவு கண்டறியலாம் என்று சொன்னது. அதுவரை ஒரு வயது, இரண்டு வயது ஆகட்டும் என்று காத்திருப்பதுதான் வழக்கமாக இருந்தது.

முன்கூட்டித் தெரிந்தால் என்ன பயன்?

"தெரிஞ்சு என்ன பண்றது, மருந்தா இருக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிபட்ட பகுதியைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. ஆனால் குழந்தையின் மூளை ஈர மண் மாதிரி. ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதை போட்டுக்கொள்ளும் சக்தி முதல் மாதங்களில் அதிகம். பலவீனமான கையைப் பயன்படுத்த வைத்தால் அந்தப் பாதை பலப்படும். பயன்படுத்தாமலே விட்டால் அந்தக் கையை மூளை மறந்துபோகும். கசிவுக்குப் பிறகு தலையில் நீர் கோத்தால், சரியான நேரத்தில் கண்டு நீரை வெளியேற்றினால் மேலும் சேதம் ஆகாது. பார்வை, காது கேட்டல் குறைகளையும் கூடவே பார்த்துவிடலாம்.

இன்னொரு பயனும் உண்டு. அந்தத் தாய்க்குப் பதில் கிடைக்கும். பத்து மாதம் வரை அந்தச் சகோதரியை என்னவெல்லாம் பேசினார்கள் தெரியுமா? "மாசமா இருக்கும்போது கிரகணம் பாத்திருப்பா", "ராத்திரி வெளியே போயிருப்பா". மெல்லிய ரத்தக் குழாய் கசிந்ததற்கு எந்தத் தாயும் காரணம் இல்லை. ஸ்கேன் படத்தைக் காட்டி மருத்துவர் விளக்கிய அன்றுதான் அந்த வீட்டில் அந்தப் பேச்சு நின்றது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயதுக் கணக்கு உண்டு. தை முதல் வாரம் பிறக்க வேண்டிய குழந்தை கார்த்திகை முதல் வாரமே பிறந்துவிட்டது என்று வையுங்கள். வைகாசி முதல் வாரத்தில் அதற்கு ஆறு மாதம். ஆனால் வளர்ச்சியைப் பார்க்கும்போது இரண்டு மாதத்தைக் கழித்து நான்கு மாதம் என்றே எடுக்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு, அதில் கழிக்கக் கூடாது.

இப்படிக் கழித்த வயதில் கீழே உள்ளவை தெரிந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள்:

* மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை
* நான்கு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை
* கை எப்போதும் மூடியே இருக்கிறது, கட்டை விரல் உள்ளே மடங்கியிருக்கிறது
* ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது. "இடது கைப் பழக்கம்" என்று நாங்கள் நினைத்தது போல நினைக்காதீர்கள்
* கால்கள் விறைத்து, கத்தரி போல் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகின்றன

உச்சிக்குழி புடைத்து இறுகியிருந்தாலோ, தலை வேகமாகப் பெரிதானாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உச்சிக்குழி குழிந்திருக்கிறது என்று எண்ணெய் ஊற்றி அமுக்குவது, வாயில் விரல் விட்டு உயர்த்துவது இரண்டும் வேண்டாம்.

கண்ணையும் மறக்காதீர்கள். 34 வாரத்துக்கு முன் அல்லது 2000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். தவறினால் பார்வையே போகலாம்.

வராமல் தடுக்க

கர்ப்பிணிக்கு நீர்க்கசிவு, ரத்தப்போக்கு, அடிக்கடி வயிறு இறுகுவது, தலைவலியோடு கண் மங்குவது இருந்தால் "விடியட்டும்" என்று இருக்க வேண்டாம். முன்கூட்டிப் பிரசவம் ஆகும் நிலை என்றால் தாய்க்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். 1972-இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் நிரூபித்தது. குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்வதோடு மூளைக் கசிவையும் குறைக்கிறது. ஆனால் அது முழுமையாக வேலை செய்ய நேரம் வேண்டும். நாம் முன்னால் போகும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தையின் மூளைக்குக் காப்பு.

பிறந்த பிறகு, கங்காரு முறை. 1978-இல் கொலம்பியா நாட்டில் போகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. துணி இல்லாமல் தாயின் மார்போடு குழந்தையை அணைத்துக் கட்டிக்கொள்வது. டெல்லி உட்பட ஐந்து மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே இதைத் தொடங்கியதால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

*"பச்சப் புள்ளைக்கு இத்தனை ஸ்கேன் எடுத்தா மூளை பாதிக்காதா?"* இரண்டிலுமே கதிர்வீச்சு இல்லை. உச்சிக்குழி ஸ்கேன் ஒலி அலை, எம்.ஆர்.ஐ. காந்தம்.

*"செலவு?"* அரசு மருத்துவமனையில், நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சை, பரிசோதனை, போக்குவரத்து இலவசம் என்பது 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் உரிமை. பயிற்சிக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் இருக்கிறது. கட்டணம் இல்லை. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

*"வட்டியில்லாம கடன் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களே?"* இது பொருளாளர் அம்மா கேட்டது, நாங்கள் வைத்த கோரிக்கைக்காக. குறைமாதக் குழந்தையின் மறுபரிசோதனைக்குப் போய்வரும் செலவை, அவசரக் கடனில் வட்டியில்லாமல் கொடுக்கக் கேட்டோம். அம்மா, ஒரு ஊராட்சியில் வருடத்துக்கு இப்படி எத்தனை குழந்தைகள் வரும்? விரல்விட்டு எண்ணிவிடலாம். மாடு வாங்கக் கடன் கொடுக்கிறோம், மாட்டுக்குக் காப்பீடும் போடுகிறோம். பேருந்துச் செலவுக்கு இருநூறு, முந்நூறு இல்லாமல் ஒரு குழந்தை கையை இழக்கலாமா?

பொருளாளர் அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மொதல்ல என் பேத்திய கூட்டிட்டுப் போறேன், எட்டு மாசத்துல பொறந்தவ" என்றார். பிறகு தீர்மானம் எழுதப்பட்டது.

நாம் எடுத்த முடிவு

1. ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பிறந்த குழந்தையின் வாரம், எடை, மறுபரிசோதனைத் தேதி மூன்றையும் எழுதி வைக்கும்.

2. மறுபரிசோதனைச் செலவு வட்டியில்லா அவசரக் கடன். பத்து மாதத் தவணை.

3. அந்தத் தாயோடு குழுவிலிருந்து ஒருவர் துணைக்குப் போவார். மருத்துவர் எழுதியது புரியாவிட்டால், புரியும்வரை கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

எங்கள் பங்குக்கு, மாத அறிக்கையில் "தாயும் சேயும் நலம்" என்ற வரியை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் "மறுபரிசோதனை எப்போது?" என்ற கட்டம் போட்டிருக்கிறோம்.

அந்தச் சகோதரி இன்று கூட்டத்துக்கு வரவில்லை. வியாழக்கிழமை, பயிற்சி நாள். குழந்தை இப்போது அங்கன்வாடிக்குப் போகிறது. வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறது. போன வாரம் வீட்டுக்குப் போனபோது வலது கையில் முறுக்கைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் நீட்டியது. பாதி வழியில் கீழே விழுந்துவிட்டது. மறுபடி எடுத்து நீட்டியது. வாங்கிக்கொண்டோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தெருவில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை இருந்தால் அதன் மருத்துவமனைச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். சேர்ந்து படிப்போம்.